உள் லைட்

27 ஜூன் 2023, செவ்வாய்

பள்ளிக்கூடக் கன்ரீனில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதல் செய்தி வந்தது. பாரிசுக்குப் பக்கத்தில், நாந்தேரில் கார் ஒன்று பொலிசை மோத வந்ததாம், பொலிஸ் சுட்டதாம், ஓட்டியவர் இறந்துவிட்டாராம். கொஞ்ச நேரத்தில் வீடியோ வந்தது. மஞ்சள் கார் நிற்கிறது. ஓட்டுகிற பக்கத்து ஜன்னலோடு இரண்டு பொலிஸ்காரர்கள். ஒருவரின் துவக்கு உள்ளே நீட்டியபடி இருக்கிறது. கார் நகர, வெடி கேட்கிறது. காலையில் வந்த செய்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இறந்த பையனுக்கு 17 வயது. என் மகனுக்கும் 17.

இந்தக் கொப்பியை அதனால்தான் எடுத்தேன்.

28 ஜூன், புதன்

மகனுக்கு வெள்ளிக்கிழமை பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். "காணும், மூடு" என்றேன்.

"அம்மா, அது ஒட்டோமற்றிக் கார்" என்றான். "பிரேக்கில இருந்து காலை எடுத்தா தானா உருளும். எங்கட கியர் கார் எண்டா நிண்டிடும்."

உண்மை எதுவோ, வழக்கில்தான் தெரிய வேண்டும். ஆனால் என் பிள்ளை அதை ஓட்டுநராக யோசிக்கிறான். பின் கண்ணாடியில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, தகப்பனோடு ஓட்டிப் பழகுகிற பிள்ளை. அதுதான் என்னைக் கலக்குகிறது.

ஜனாதிபதி மக்ரோன் இதை விளங்கப்படுத்தவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது என்றார். பாராளுமன்றம் எழுந்து மௌனமாக நின்றது.

29 ஜூன், வியாழன்

கலவரத்தால் ஒன்பது மணிக்குப் பிறகு பஸ்ஸும் இல்லை, திராமும் இல்லை. என் கணவர் சென்தெனி ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை முடித்து லாக்கூர்நெவ் வரை நடந்தே வந்தார். வழியெல்லாம் குப்பைத் தொட்டி எரிந்ததாம். வானவெடி மோட்டார் வெடிகள் காதுக்குப் பக்கத்தில் போனதாம். ஜன்னலடியில் நின்று நிமிடத்துக்கு ஒருதரம் போன் அடித்தேன். அவர் எடுக்கவேயில்லை. வந்து சொன்னார்: "கையைப் பொக்கற்றுக்குள்ள வைக்கேல்லை. போனை எடுத்தாலும் என்னவெண்டு நினைப்பாங்களோ எண்டு எடுக்கேல்லை."

சாப்பிடும்போது சொன்னார், "எண்டாலும், நிக்கச் சொன்னா நிண்டிருக்கலாம்தானே. லைசன்ஸும் இல்லை."

மகன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

30 ஜூன், வெள்ளி

பரீட்சை நடந்தது. நல்லாச் செய்ததாகச் சொன்னான், அதற்கு மேல் பேச்சில்லை. ஒபேர்வில்லியே டிப்போவில் பத்துப் பன்னிரண்டு பஸ்கள் எரிந்து போயின. யாருடைய பஸ்? விடியற்காலையில் வேலைக்குப் போகிற எங்களுடையது. கோபம் வருகிறது. பின்னேரம் இரண்டு பொலிஸ் தொழிற்சங்கங்களின் அறிக்கையைச் செய்தியில் வாசித்தார்கள். தெருவில் நிற்கிற பிள்ளைகளை அழிக்க வேண்டிய பூச்சிபுழுக்கள் என்கிற மாதிரியும், தாங்கள் யுத்தத்தில் நிற்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஒரே நாளில் இரண்டும்.

1 ஜூலை

இன்று நாந்தேரில் அந்தப் பிள்ளையின் அடக்கம்.

2 ஜூலை, ஞாயிறு

பிள்ளையின் அம்மம்மா தொலைக்காட்சியில் பேசினா. உடைக்காதேங்கோ, பஸ்ஸுகளையும் பள்ளிக்கூடங்களையும் விடுங்கோ என்று கெஞ்சினா. அடக்கம் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த மனிசி ஊரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது.

கார் ஓட்டம் இன்றைக்கு வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். நான் மகனைக் கூப்பிட்டு இருத்தினேன். பொலிஸ் மறித்தால் முதலில் எஞ்சினை நிறுத்து. கண்ணாடியை முழுக்க இறக்கு. இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் தெரிய வேண்டும். பத்திரம் கேட்டால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடு. பதிலுக்குப் பதில் கதைக்காதே.

இதெல்லாம் எனக்கு யாரும் பிரான்சில் சொல்லித் தரவில்லை. இலங்கையில் ஆமிச் சென்றிக்குக் கிட்ட வரும்போது சைக்கிளால் இறங்கி உருட்ட வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். இரவில் வாகனம் என்றால் ஹெட்லைட்டை அணைத்து உள் லைட்டைப் போட வேண்டும், உள்ளே இருக்கிறவர்களின் முகம் தெரிவதற்கு. அம்மா எங்களை ரியூசனுக்கு அனுப்பும்போது பாடம் போலச் சொல்லுவா. ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்கவும் கூடாது, பார்க்காமல் போகவும் கூடாது. அந்தப் பார்வையை எப்படிப் பார்ப்பது என்று அவ ஒருநாள் குசினியில் நின்று பார்த்தும் காட்டினா.

மகன் எல்லாவற்றையும் கேட்டான். "அம்மா, நான் இங்க பிறந்தனான்" என்றான்.

4 ஜூலை

சுட்ட பொலிஸ்காரரின் குடும்பத்துக்குச் சேர்த்த காசு 16 இலட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது.

6 ஜூலை, வியாழன்

கன்ரீனில் என்னோடு வேலை செய்கிற அல்ஜீரியப் பெண் ஒரு கிழமையாக யாரோடும் கதைக்கவில்லை. இன்று பாத்திரம் கழுவுகிற இடத்தில் தானாகவே தொடங்கினா. அவவின் தகப்பன் நாந்தேர் சேரியில் தகரக் கொட்டிலில் இருந்தவராம். 1961 அக்டோபர் 17, அல்ஜீரியர்கள் இரவில் வெளியே வரக்கூடாது என்ற ஊரடங்கை எதிர்த்துக் குடும்பம் குடும்பமாகப் பாரிசுக்கு ஊர்வலம் போனார்கள். தகப்பன் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாராம். பொலிஸ் அடித்தது, சுட்டது, செய்ன் நதிக்குள் தள்ளியது. பொலிசுக்குத் தலைவர் மொரிஸ் பப்போன். இறந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்று அரசு அப்போது கணக்குச் சொன்னது. வரலாற்று ஆய்வாளர்களோ பத்துக் கணக்கில் தொடங்கி இருநூறு வரை சொல்கிறார்கள்.

"என் அப்பா திரும்பி வந்தவர்" என்றா. "அவரோடு போன நண்பர் வரவில்லை. அந்த இரண்டு மூன்று பேரில் அவர் இல்லை."

நான் கையுறையைக் கழற்றாமலே அவவின் கையைப் பிடித்தேன். என்னுடைய ஊரைப் பற்றி அவ கேட்டா. மணி அடித்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

9 ஜூலை, ஞாயிறு

மறுபடி கார். இவர் முன்னால், நான் பின்னால். மகன் நிதானமாக ஓட்டுகிறான். ஓட்டிக்கொண்டே தகப்பனுக்குச் சட்டம் சொல்கிறான். 2017இல் கொண்டுவந்த சட்டம். நிறுத்தாமல் ஓடுகிறவர்கள் யாருக்காவது உயிராபத்தாகலாம் என்றால் பொலிஸ் வாகனத்தை நோக்கிச் சுடலாம். போன வருடம் மட்டும் இப்படி மறிப்பில் 13 பேர் செத்தார்கள். "எது ஆபத்து எண்டு ஆர் முடிவெடுக்கிறது? சுடுறவர்தானே" என்கிறான். இவர் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று மட்டும் சொன்னார்.

ரவுண்டபவுட்டைச் சுற்றித் திரும்பினதும் பொலிஸ். இரண்டு காரை ஓரம் கட்டியிருந்தார்கள். எங்களைக் கையசைத்துப் போகச் சொன்னார்கள்.

கொஞ்சத் தூரம் போனபின் மகன் கேட்டான், "அம்மா, ஏன் லைட்டைப் போட்டனீங்கள்?"

நடுப்பகல். தலைக்கு மேல் லைட் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன்.

14 ஜூலை

தேசிய தினம். வெடி விற்கத் தடை. நன்றாக நித்திரை கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசி

பாரிஸ் லாச்சப்பலில் பிள்ளையார் தேர். தெருவை மறித்துக் கொடுத்துப் பொலிசும் கூடவே நடந்தது. இவர் அவர்களுக்கு மோர் கொடுத்தார். ஒரு இளம் பொலிஸ்காரி வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னா. மகனை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

17 அக்டோபர்

வேலை முடிந்து, கன்ரீன் அல்ஜீரியப் பெண்ணோடு 1961இன் நினைவுக்காகச் சென் மிஷேல் பாலத்துக்குப் போனேன். நல்ல கூட்டம். அவவின் தகப்பனுடைய நண்பரின் பெயரை எனக்கு உச்சரிக்கப் பழக்கினா.

20 அக்டோபர்

ஏழு வருடம். கொக்குவில் குளப்பிட்டிச் சந்தி. மோட்டார் சைக்கிளில் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். முதலில் விபத்து என்றார்கள், மதிலில் மோதினார்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சூட்டுக் காயம் தெரிந்தது. பிறகு, நிற்கச் சொல்லி நிற்கவில்லை என்றார்கள். ஐந்து பொலிஸார் கைதானார்கள். 25ஆம் திகதி வடக்கு முழுக்கக் கடையடைப்பு. தங்கச்சி போனில், தெருவில் நாய்கூட இல்லை என்றாள்.

அந்தக் கிழமை இவர் வானொலிக்கு முன்னால் நின்று கத்தியது ஞாபகம். "நிக்காட்டிச் சுடுவியளோ? நிக்காட்டிச் சுடுறதோ?" மகனுக்கு அப்போது பத்து வயது. தகப்பன் யாரோடு சண்டை பிடிக்கிறார் என்று வந்து எட்டிப் பார்த்தான்.

இன்றைக்கு இவரிடம் திகதியைச் சொன்னேன். "ஓம்" என்றார். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மகனின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

16 நவம்பர், வியாழன்

நாந்தேரில் சுட்ட பொலிஸ்காரரை நேற்று மறியலில் இருந்து விட்டுவிட்டார்கள். நீதிமன்றக் கண்காணிப்பில் இருப்பாராம். விசாரணை தொடரும். மகன் செய்தியைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவனுக்குத் தை மாதம் 18 முடிகிறது. தகப்பனோடு ஓட்டிப் பழக வேண்டிய 3,000 கிலோமீற்றரும் முடியப் போகிறது. இரவில் சென்தெனிக்குப் போய்த் தகப்பனைக் கூட்டி வருவேன் என்கிறான். குளிரில் திராமுக்குக் காத்து நிற்கிற மனிதருக்கு அது எவ்வளவு உதவி! எனக்குத் தெரியாததா? பகலில் ஓடட்டும் என்றேன். "அந்தப் பெடியனைச் சுட்டது காலமை எட்டரைக்கு முன்னம் அம்மா" என்றான்.

இன்ஷூரன்ஸில் அவனுடைய பெயரைச் சேர்ப்பதென்றால் மார்கழி முடிவதற்குள் சொல்ல வேண்டும். இவர் சேர் என்கிறார். நான் பொறுங்கோ என்கிறேன்.