கதிர் எங்கிருந்து புறப்படுகிறது?

நம் இளைய மகன் சிதம்பரத்தில் கணினிப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த நாள் முதலாக வீட்டில் ஒரே பேச்சு கிராபிக்ஸ் கார்டைப் பற்றியதுதான். படிப்புக்குக் கணினி தேவை என்பதில் நமக்கு மறுப்பில்லை. விளையாட்டுக்கும் உதவுகின்ற கணினி வேண்டும், அதற்கெனத் தனியே ஓர் அட்டை வேண்டும், ஒதுக்கி வைத்த 60,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு அந்த அட்டைக்கே போய்விடும் என்று அவன் கூறியபோது, "இது வீண்விரயமல்லவா?" என்று கடிந்துகொண்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அத்தொகையில் 22,000 ரூபாய், இரண்டு கோடை விடுமுறைகளில் பரங்கிப்பேட்டையில் மாமன் கடையில் நின்று அவனே சேர்த்தது என்பதை அவனுடைய தாயார்தாம் நமக்கு நினைவூட்டினார்.

எதை மறுக்கிறோம் என்று அறிந்த பின்னர் மறுப்பதே முறையெனக் கருதி, அவனிடமே பாடம் கேட்க அமர்ந்தோம். முப்பதாண்டுகள் பாடம் சொல்லிப் பழகிய நமக்கு அது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

சாதாரணத் திரையில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. அவை அனைத்துக்கும் நொடிக்கு 60 முறை புதிதாக வண்ணம் தீட்டினால்தான் காட்சி தடுக்காமல் ஓடுமாம். கணினியின் மையச் செயலி பெரிய ஆலிமைப் போன்றது. எத்தகைய சிக்கலான மஸ்அலாவையும் தீர்த்துவிடும், ஆனால் ஒரே நேரத்தில் ஒரு சிலவற்றைத்தான். கிராபிக்ஸ் கார்டோ மக்தபு. எளிய கணக்கு மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பலகையில் எழுதுகிறார்கள். உவமை நம்முடையது, மகன் ஒப்புக்கொண்டான். அரபியில் இதனைப் 'பிதாகத்துர் ருஸூம்' என்கிறார்கள். குர்ஆனின் எழுத்தமைப்பை 'ரஸ்மு' என்று ஓதிப் படித்த நமக்கு, அச்சொல்லின் பன்மை இந்த அட்டையின் மீது ஏறி அமர்ந்திருப்பதைக் காண வியப்பாயிற்று.

கடலூர் முதுநகரிலிருந்து பேருந்தேறிச் சிதம்பரம் சென்றோம். முதற்கடையில் ஜிடி 730 என்றோர் அட்டையை எடுத்து வைத்து, "நாலு ஜிபி பாய், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் விற்பனையாளர். விலையும் மிகக் குறைவு. நாம் பணப்பையைத் தொட்டுவிட்டோம். மகன் நம் கையை மெல்லப் பற்றி, "அத்தா, இது 2014இல் வந்த வகை. நினைவகம் பெரிதுதான்; அதற்குப் போகும் வழி மிகக் குறுகல்" என்றான். களஞ்சியம் பெரிதாக இருந்து, வாசல் ஒரு மரக்கால் நுழையும் அளவே இருந்தால் என்ன பயன்?

அடுத்த கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 இருந்தது. மாதத் தவணையில் தருவதாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வட்டி உள்ளே இருந்தது. நாம் வாய் திறக்குமுன் மகனே வேண்டாமென்று எழுந்துவிட்டான். கடலூரில் ஒருவர் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றை மலிவாகத் தர முன்வந்திருந்தார். ஈதர் என்னும் மின்னாணயத்தைத் 'தோண்டுவதற்காக' இரவு பகலாய் ஓடிய அட்டைகள், 2022 செப்டம்பரில் அம்முறை நின்றுபோனபின் சந்தைக்கு வந்துவிட்டன என்றும், இது அவற்றுள் ஒன்றா என்று அறிய வழியில்லை என்றும் மகன் விளக்கினான். அறிவிப்பாளர் வரிசை தெரியாத சரக்கு! ஹதீஸ் படித்த நாம் அதனை ஏற்போமா?

திரும்பும் பேருந்தில்தான் அந்தப் பேச்சு எழுந்தது. ஆர்டிஎக்ஸ் என்ற பெயர் எதற்கென்று வினவினோம். ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை அது. என்விடியா நிறுவனம் 2018இல் அதற்கென்றே தனி உறுப்பு வைத்து அட்டைகளை வெளியிட்டது. கண்ணிலிருந்து கதிரை அனுப்பி, அது எதில் பட்டு எந்த விளக்கைச் சென்றடைகிறது என்று பார்ப்பார்கள் என்றான்.

"கண்ணிலிருந்தா?" என்று நாம் குறுக்கிட்டோம். பார்வைக் கதிர் கண்ணிலிருந்தே புறப்படுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்ததையும், பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதை மறுத்து, ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியதையும் ஆலப்பாக்கம் வரும்வரை விரித்துரைத்தோம். மகன் முழுவதும் கேட்டான். பிறகு, "அவர் சொன்னதுதான் உண்மை, அத்தா. ஆனால் விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை நம் கண்ணை வந்தடைவதே இல்லை. அவற்றையெல்லாம் கணக்கிட்டால் இயந்திரம் தாங்காது. அதனால்தான் தலைகீழாகப் போகிறார்கள்" என்றான்.

தவறென்று தள்ளப்பட்ட கொள்கை, கணக்குக்குச் சுருக்கு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது! நாம் இதை மாணவர்களிடம் எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். இந்தப் பக்கத்தை நமக்கு ஒருவரும் கூறியதில்லை. விளையாட்டுச் சாமான் என்று நாம் இகழ்ந்த பொருள் இது.

அன்றிரவு, அரபு அகராதி ஒன்றுக்காகச் சேர்த்து வைத்திருந்த 9,000 ரூபாயை எடுத்து மகன் முன் வைத்து, "கதிர் அட்டையையே வாங்கிக்கொள்" என்றோம். அவன் தொடவில்லை. "கிதாபுப் பணம், அத்தா" என்றான்.

இறுதியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 என்பதைத் தேர்ந்தோம். 8 ஜிபி நினைவகம். உள்ளே 1792 சிறு கணக்கர்கள். 132 வாட் மின்சாரம். 450 வாட் மின்வழங்கி போதும். நம் திரையின் அளவுக்குக் குறைவில்லை. கதிர்க் கணக்கு அதற்கும் தெரியும், ஆனால் மூச்சு வாங்கும். சிதம்பரத்துக் கடைக்காரர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். பேருந்தில் அப்பெட்டியை நம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தோம்.

கணினியைப் பூட்டி முடித்த அன்று, அஸருக்குப் பின் மகன் நம்மை அழைத்து உட்காரவைத்து, கதிர்முறையை இயக்கிக் காட்டினான். மழை ஓய்ந்த ஒரு தெரு. தேங்கிய நீரில் விளக்கின் ஒளி நெளிந்தது. காட்சி மட்டும் மாட்டு வண்டியைப் போலத் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. "பார்த்துவிட்டீர்களா, அத்தா?" என்று கேட்டான். இன்னும் சற்று நேரம் என்றோம். பிறகு அவன் அதை நிறுத்திவிட்டு விளையாடத் தொடங்கினான்; நாம் விடைத்தாள்களைத் திருத்தச் சென்றோம்.