நீச்சல் தடாகம் இல்லாத வீட்டுக்கு ஒரு கொட்டேஷன்

கொழும்பு

அன்புள்ள தம்பிக்கு,

உம்மாவின் பிரஷர் மருந்தைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பாலாவிச் சந்தியில் வாங்கிக்கொள்.

விளம்பரக் கொம்பனி உனக்குக் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்தேன். மாதம் 60,000 ரூபா, ஒரு வருட ஒப்பந்தம். பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் போட்டதில் பேரை மட்டும் மாற்றி உனக்கு அனுப்பியிருக்கிறார்கள் போல. ஆலங்குடாவில் நாலு அறையும் இரண்டு போட்டும் வைத்திருக்கிற உனக்கு நீச்சல் தடாகத்தைப் படம்பிடிக்க ஒரு தொகை போட்டிருக்கிறார்களே!

வருடத்துக்கு 720,000. போன வருடம் செலவெல்லாம் போக உன் கையில் நின்றது 9 இலட்சம். மிச்சத்தை நீயே கழித்துப் பார்.

“வியாபாரத்தில் எத்தனை வீதம் விளம்பரத்துக்கு ஒதுக்கலாம், ராத்தா?” என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் இப்போதே என்ன போகிறது என்று பார்ப்போம். புக்கிங் தளங்கள் வழியாக வந்த அறை வருமானம் 24 இலட்சம். அதில் 15 வீதம் கொமிஷன், 360,000. அதை நீ ‘வங்கிச் செலவு’ என்ற பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய். அது விளம்பரச் செலவுதான். அந்த விருந்தாளிகளில் மூன்றில் ஒருவர் அடுத்த முறை நேரே உனக்கே போன் எடுத்தால் 120,000 மிஞ்சும். சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த இடம் என்பதால் வரவில் நூற்றுக்கு ஒன்றும் கட்டுகிறாய். அதில் ஒரு பங்கு நாட்டுக்கு விளம்பரம் செய்கிற சுற்றுலா ஊக்குவிப்புப் பணியகத்துக்குப் போகிறது. கட்டிய காசுக்கு உரிமையோடு ஒரு கடிதம் போடு. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைக் கற்பிட்டிக்குக் கூட்டி வரும்போது ஒரு காலைச் சாப்பாட்டுக்காவது உன் வீட்டுக்கு வரட்டும்.

இதையெல்லாம் பார்த்தபின் நான் போட்ட தொகை வருடத்துக்கு 210,000. உன் வருட வரவு 42 இலட்சத்தில் 5 வீதம்.

இதில் 60,000 போட்டோட்டிகளுக்கு. நீ சிரிப்பாய். ஆனால் சீசன் காலையில் கண்டக்குளிக் கடலில் நடப்பதை நீதானே சொன்னாய்: ஒரு கூட்டம் டொல்பின் தெரிந்ததும் எல்லாப் போட்டும் அதன்மேல் பாய்கிறது. கிட்டக் கொண்டுபோனால்தான் வெள்ளைக்காரர் டிப்ஸ் தருவார் என்பது பொடியன்மாரின் கணக்கு. ஆனால் இப்போது வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. டொல்பினைத் துரத்திய போட்டைப் படம்பிடித்து, உன் பேரோடு ஊருலகத்துக்கே காட்டிவிடுவார்கள். கடல் பாலூட்டிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு 2012இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சட்டத்தைச் சொல்லி மட்டும் யாரையும் நிறுத்த முடியாது. எட்ட நின்று எஞ்சினை அணைத்த ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஆயிரம் ரூபா கூடக் கொடு. டிப்ஸை விட அது நிச்சயமான காசு. சீசனில் அறுபது ட்ரிப் என்று வைத்தாலும் கொம்பனியின் ஒரு மாதக் கட்டணம்தான். சத்தம் அடங்கினால் டொல்பின் தானாகவே போட்டுக்குப் பக்கத்தில் வருவதும் உண்டு. வந்தவர் அதைத்தான் ஊருக்குப் போய் எழுதுவார்.

நல்ல படங்களுக்கு 30,000 போதும். பெப்ரவரியில் கடல் தட்டையாய்க் கிடக்கும் ஒரு காலையில் எடுத்துவிடு. எழுத்தாளர்கள், வழிகாட்டிகள், வான் ட்ரைவர்மார் வந்து தங்கினால் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் 40,000. ஓகஸ்டில் தலவில அன்னம்மாள் திருநாளுக்கு அத்தனை சனம் கற்பிட்டி ரோட்டால் போகிறது. சிங்களத்திலும் தமிழிலும் ஒரு நல்ல போர்ட்டுக்கு 10,000. நம் ஊர்க்காரர் நாலு அறையை ஒரு குடும்பமாய் எடுப்பார்கள், கொமிஷனும் இல்லை. காற்றுக் காலத்தில் கைட் ஓட்ட வருகிறவர்கள் கைட் பள்ளிகள் வழியாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு சதமும் செலவழிக்காதே.

மிச்சம் 70,000ஐத் தொடாதே. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விருந்தாளிகளின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நீ கடன் வாங்கினாய். மற்றவர்கள் போனையே எடுக்காத நேரத்தில் நீ கொடுத்ததால்தான் அந்த விருந்தாளிகளில் சிலர் பிறகு பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள். அப்படி ஒரு காலம் இனி வரவே கூடாது, ஆனால் காசு தனிக் கணக்கில் கிடக்கட்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் சீசனுக்கு ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே செலவழிக்க வேண்டும். அப்போது உன் கை காலியாய் இருக்கும். அதனால் பெப்ரவரி, மார்ச் வருமானத்தில் வாரா வாரம் ஒதுக்கி வை. பொண்டாட்டியிடம் கொடுத்து வை என்றுதான் சொல்வேன், உன்னை எனக்குத் தெரியும்.

கொம்பனிக்கு மரியாதையாய் ஒரு பதில் எழுது: வருட ஒப்பந்தம் வேண்டாம், படமெடுக்க மட்டும் என்ன விலை என்று கேள். 30,000க்குள் வந்தால் அவர்களையே பிடிக்கலாம். பெருநாளுக்கு நான் வரும்போது விருந்தாளிகளில் யார் யார் எந்த வழியால் வந்தார்கள் என்று எழுதிய கொப்பி மேசையில் இருக்க வேண்டும்.

வாப்பாவுக்கு ஸலாம் சொல்.

அன்புடன்,
ராத்தா