கொடுமணலில் ஒரு குழி

"ஓரத்துல நிக்காதீங்க, கரை சரிஞ்சுரும்!" குழிக்குள்ளிருந்து ஓர் அம்மா சத்தம் போட்ட பிறகுதான் என் காலைப் பார்த்தேன். இரண்டு குழிகளுக்கு நடுவே வெட்டாமல் விட்டிருந்த மண்வரப்பின் விளிம்பில் நின்றிருந்தேன். அந்த வரப்பின் பக்கவாட்டில்தான் மண்ணடுக்குகள் வரி வரியாகத் தெரியும். அது சரிந்தால் எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்ற கணக்கே போய்விடும். பதறிப் பின்வாங்கினேன்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 2021-ல் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோது போயிருந்தேன். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே விரிவாகத் தோண்டியது. 2012-ல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் மறுபடி தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிப் பட்டறைகள், தமிழி எழுத்துக் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. ஓர் ஓட்டில் 'நிகம' என்ற சொல் இருக்கிறது. வணிகர் குழுவைக் குறிக்கும் சொல் அது. பச்சைக்கல் படியூரிலிருந்தும் நீலக்கல் சிவன்மலையிலிருந்தும் இங்கே வந்திருக்கின்றன. இரும்புத்தாது பக்கத்துச் சென்னிமலையிலேயே இருந்தது. சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கிறது.

இதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். நான் பார்க்கப் போனது தோண்டுகிற கைகளை.

குழியில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள். மேல்மண்ணை எடுக்கும்வரைதான் மம்பட்டி. அதற்குக் கீழே கொத்துக்கரண்டியும் பிரஷ்ஷும். என்னை அதட்டிய அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, கரண்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து, தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல மண்ணை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவைக்கு அரை விரல்கடை ஆழம்கூடப் போகவில்லை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"கடலைக்காட்டுல களை வெட்டறப்போ செடி வேருல கொத்து படாம வெட்டோணுமுங்க. அதே பழக்கந்தானுங்க."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். பழுப்பு மண்ணுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் கருத்த வட்டம். என் கண்ணுக்கு அது நிழல் மாதிரிதான் தெரிந்தது. "தொட்டுப் பாருங்க. பக்கத்து மண்ணு கெட்டியா இருக்குது, இது பொதபொதன்னு இருக்குது." தொட்டேன். அவர் சொன்னது சரி. என்றோ நட்ட மரக்கால் மக்கி, அது நின்ற குழியில் மண் இறங்கி நிறைந்த தடம் அது. பொறுப்பாளர் வந்து அளந்தார், படம் எடுத்தார், வரைதாளில் குறித்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு தடம் கிடைத்தால் ஒரு குடிசையின் சுவர் எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும் என்றார்.

எடுத்த மண்ணும் அப்படியே போய்விடுவதில்லை. பாண்டுச் சட்டியில் சுமந்து சல்லடைக்கு வருகிறது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் உள்ளங்கையில் எதையோ வைத்து நீட்டினார். அரிசிக் குருணை அளவில் ஒரு படிகக்கல் சில்லு. மணி செய்தவர் உடைத்துத் தள்ளிய கழிவு. குழி எண், ஆழம், தேதி எழுதிய சீட்டோடு அதுவும் பைக்குள் போனது. அந்தச் சீட்டு தொலைந்தால் மிஞ்சுவது வெறும் கல்தான்.

அகழாய்வு அறிக்கைகளில் இந்தப் பெண்களின் பெயரும் அச்சேற வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கருத்த வட்டத்தை முதலில் கண்டவர் என்னை அதட்டிய அம்மாதான்.

அந்த வட்டத்தை ஜேசிபி காணுமா? திரும்பும் வழியெல்லாம் இதே நினைப்பு. நொய்யல் கரையோரக் காடுகளில் எங்கே பார்த்தாலும் கல் நட்டு, கொடி கட்டி, சைட் போட்டிருக்கிறார்கள். ஆற்றோரச் சமநிலம் இன்றைக்கு வீடு கட்ட எவ்வளவு தோதோ, அன்றைக்கும் அவ்வளவு தோதாகத்தான் இருந்திருக்கும். பழைய ஊர்கள் இருந்த இடத்திலேயே புதிய மனைகளும் வந்து விழுவதில் ஆச்சரியம் இல்லை.

குப்பைக் கிடங்கை வைத்தே கோவைக்காரர்கள் பலர் அடையாளம் சொல்லும் வெள்ளலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1842, 1891, 1931 ஆண்டுகளில் ரோமானிய வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் புதையலாகக் கிடைத்தன. காசில் இருப்பது அகஸ்டஸா, திபேரியஸா என்று நமக்குத் தெரியும். அதைப் புதைத்தவர் வீடு எங்கே இருந்தது, பக்கத்தில் பட்டறை இருந்ததா என்பது தெரியாது. காசை எடுத்தார்கள், சுற்றியிருந்த மண்ணை யாரும் படிக்கவில்லை. 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையின் அகழாய்வுப் பட்டியலில் வெள்ளலூர் பெயரும் வந்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அறிவிக்கப்படாத பட்டா நிலத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. மரக்கால் நின்ற குழிக்கு என்ன மதிப்புப் போடுவது? இங்கிலாந்தில் 1990 முதல் கட்டட அனுமதியோடு சேர்த்தே தொல்லியல் ஆய்வையும் கேட்கிறார்கள், செலவு கட்டுகிறவருடையது. நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளில் மனை பிரிப்பதற்கு முன்னால் நான்கு சோதனைக் குழிகளாவது தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற விதி நமக்கும் வேண்டும். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பருவம் பொறுத்துக் கட்டலாம்.

விதி வரும்வரை நம் கையில் இருப்பது இவ்வளவுதான். நீங்கள் கடைக்கால் தோண்டும்போது கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடோ, துளையிட்ட கல்மணியோ, வட்டமாக அடுக்கிய கற்களோ தென்பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். எதையும் பெயர்க்காமல், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லிவிடுங்கள்.