மூட்டு மாற்றியபின் வலியைப் பொறுக்க வேண்டுமா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புகிறவரிடம், "முடிந்தவரை மாத்திரை போடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அன்பால் சொல்வதுதான், ஆனால் கெடுதல் செய்கிறது. புதிய மூட்டு மடங்கப் பழகுவதற்கு முதல் 6 முதல் 12 வாரங்கள் மிக முக்கியம். சமதளத்தில் நடக்க ஏறக்குறைய 65 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுவதற்கு 90 டிகிரியாவது வேண்டும். வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே வைத்திருந்தால் உள்ளே தழும்புத் திசு இறுகி மூட்டு விறைத்துப்போகலாம். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைகூட வருகிறது. மாத்திரை பயிற்சி செய்வதற்காகத்தான். வெறும் சுகத்துக்காக அல்ல.

சிறுநீரகம் கெடும், பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்துதான். டிரமடால் போன்ற வீரியமான மருந்தை நீண்டநாள் போட்டால் பழக்கமாகலாம். அதனால்தான் பாராசிட்டமால், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, ஐஸ் ஒத்தடம் என்று பலவற்றைச் சேர்த்து, வீரியமான மருந்தின் அளவைக் குறைக்கிறார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் கசிவு இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்றபடி, எழுதிக்கொடுத்த மாத்திரையை எழுதிக்கொடுத்த நேரத்தில் கொடுத்து, அவர்களை நடக்கவிடுங்கள்.