விதைக்கோட்டையும் கணிப்பொறியும்

சென்ற ஆண்டு கார்த்திகையில், அடைமழை சற்றே விட்டிருந்த ஒரு காலைப் பொழுது. தாவரவியல் துறையின் கணிப்பொறி இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிப் போயிற்று. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று பழுது பார்க்க வந்தவர் கையை விரித்தார். பேராசிரியர் முகம் வாடி நின்றார். நான் மட்டும் கலங்கவில்லை. "பேக்கப் இருக்குங்க ஐயா, சாயங்காலத்துக்குள்ள ஏத்திடலாம்" என்றேன். அந்தப் பெருமை அன்று மாலை வரைகூட நிலைக்கவில்லை.

அந்தக் கணிப்பொறியில் இருந்தது நெல். முந்தைய கோடை விடுமுறையில் தாவரவியல் மாணவர்களும் கணிப்பொறி அறிவியல் மாணவர்களாகிய நாங்களும் அவரவர் ஊருக்குப் போய், முதியவர்களிடம் பழைய நெல் வகைகளைப் பற்றிக் கேட்டு எழுதி வந்தோம். பெயர், வயது, ஏற்ற மண், விதைக்கும் பட்டம், சோற்றின் ருசி, சொன்னவர் சொன்ன சொல் அப்படியே. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி, கருப்புக் கவுனி என்று 412 பதிவுகள். என் அப்பாயி சொன்னது குழியடிச்சானைப் பற்றி. கடலோரத்து உவர் நிலத்திலும் விளையும் நெல் அது. "உப்புத் தரையில ஊன்டுனாலும் எந்திரிச்சி நிக்கும்டி, நம்ம வூட்டுப் பொம்பளையாட்டம்" என்றாள். அதையும் அப்படியே தட்டச்சு செய்தேன். புரட்டாசியில் அப்பாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். காகிதப் படிவங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஆக, அவள் சொன்ன சொல் மிச்சமிருந்தது அந்தக் கணிப்பொறியிலும் என் பென்டிரைவிலும்தான்.

கலைப்பிரிவு நண்பர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். மைசீக்வல் போன்ற தரவுத்தளத்துடன் மைசீக்வல்டம்ப் என்றொரு கருவியும் வரும். அது தரவுத்தளம் முழுவதையும் எழுத்துக் கோப்பாக எழுதித் தரும். 'இப்படி ஓர் அட்டவணை செய்', 'இந்த வரிசையை அதில் சேர்' என்னும் கட்டளைகளே அக்கோப்பில் இருக்கும். வேறொரு கணிப்பொறியில் அவற்றை முதலிலிருந்து ஓட்டினால் தரவுத்தளம் மறுபடி எழுந்து நிற்கும். முதலாண்டிலேயே நான் இதற்கு ஒரு வரிக் கட்டளை எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் பவர்ஷெல்லில் தானாக ஓடும்படி செய்திருந்தேன். மைசீக்வல்டம்ப், தரவுத்தளத்தின் பெயர், '>' என்னும் குறி, கோப்பின் பெயர். அவ்வளவுதான். கோப்பின் அளவு வாரந்தோறும் வளர்வதைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்தவளில்லை.

அன்று மாலை ஆய்வகத்தில் புதிய கணிப்பொறி முன் அமர்ந்தேன். எழுதும்போது '>' போட்டோமே, படிக்கும்போது '<' போட்டால் போயிற்று என்று பவர்ஷெல்லில் அடித்தேன். அந்தக் குறி எதிர்காலப் பயனுக்காக ஒதுக்கப்பட்டது என்று பதில் வந்தது. சரி, பழைய சிஎம்டி திரைக்குப் போனேன். அங்கே குறியை ஏற்றுக்கொண்டது. ஆனால் கோப்பில் பூஜ்ய எழுத்து இருக்கிறது, அனுமதிக்க முடியாது என்று மைசீக்வல் மறுத்தது. நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 வடிவில் வேறு பெயரில் சேமித்து, மறுபடி ஓட்டினேன். ஓடியது! எண்ணிப் பார்த்தேன். 412 வரிசைகள். பேராசிரியரைக் கூவி அழைத்தேன்.

அவர் வந்து பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். ஊர் எண்கள் சரி, நெல்லின் வயது சரி. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் கிரேக்க ஆல்பாவும், இரட்டைக் கோணக் குறியும், தலையில் கோடு போட்ட ஏதோ ஐரோப்பிய எழுத்துகளும் வரிசை வரிசையாக நின்றன. பூங்கார் இல்லை, தூயமல்லி இல்லை. அப்பாயி சொன்னதும் இல்லை. பழைய வெள்ளிக்கிழமைக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் ஒன்றுபோலவே பாழ். எந்த வாரமும் என்னிடம் பேக்கப் இருந்ததே இல்லை!

இரவு வீட்டுக்குப் போய் அழுதேன். அப்பாவுக்குக் கணிப்பொறி தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெதக்கோட்டயக் கட்டி வச்சோம்னு அப்படியேவா கொண்டுபோயி நாத்தங்கால்ல கொட்டுவோம்? ஒரு கைப்புடி எடுத்து ஈரச்சாக்குல முடிஞ்சி, மொளைக்கிதான்னு பாக்க மாட்டமா? நீ பாத்தியா தாயி?"

நான் பார்க்கவில்லை. பெரிய பெரிய நிறுவனங்களே பார்ப்பதில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் போயிற்று. பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றுமில்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6; பேக்கப் எடுத்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த நகல் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. எனக்கோ அப்படி ஒரு நகலும் இல்லை.

மறுநாள் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்தார். "எழுத்து அழியலடி, வேஷம் மாறியிருக்கு. எப்படி மாறிச்சுன்னு கண்டுபுடி" என்றார். ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டோம். 'க'. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். 'க'வுக்கு அவை 224, 174, 149. கோப்பில் 'க' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விசித்திர எழுத்துகள் இருந்தன. 1981இல் ஐபிஎம் தன் முதல் தனிநபர்க் கணிப்பொறிக்கு அமைத்த எழுத்துப் பட்டியல், 437 என்னும் எண்ணுடையது, இன்றும் விண்டோஸின் கருப்புத் திரைக்குள் உயிரோடிருக்கிறது. அந்தப் பட்டியலில் 224 என்பது ஆல்பா, 174 என்பது இரட்டைக் கோணக் குறி. பார்த்ததும் இருவரும் ஒரே குரலில் கத்திவிட்டோம். ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, '>' குறி வழியாகப் போகும் பைட்டுகளை அப்படியே கோப்பில் கொட்டுவதில்லை. தானே ஒரு முறை வாசித்து, மறுபடி யுடிஎஃப்-16 வடிவில் எழுதுகிறது. வாசிப்பது அந்தப் பழைய 437 பட்டியலை வைத்து. மைசீக்வல் கையேட்டிலேயே இது பற்றி எச்சரிக்கை இருக்கிறது. '>' போடாமல் ரிசல்ட்-ஃபைல் என்னும் விருப்பத்தைப் பயன்படுத்து என்கிறது. அதை முதலில் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் ஒரு நல்ல காலம். அந்தப் பட்டியலில் 256 இடங்களுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. இரண்டு பைட்டுகள் ஒன்றாகிக் கலந்துவிடவில்லை. வந்த வழியே திரும்பிப் போகலாம். நோட்பேடில் சேமித்ததை ஒதுக்கிவிட்டு, பென்டிரைவில் இருந்த மூலக் கோப்பை முதலில் இரண்டு நகல் எடுத்தோம். (இம்முறை எனக்குப் புத்தி வந்திருந்தது.) அக்காவின் உபுண்டு மடிக்கணினியில் ஐகான்வ் என்னும் சிறு கருவி இருந்தது. யுடிஎஃப்-16இல் இருந்து 437க்கு மாற்று என்று ஒரு வரி. முதல் தடவை கோப்பின் தலைப்பிலேயே தடுக்கியது. 'யுடிஎஃப்-16எல்இ' என்று நான் அதிகப்படியாக எழுதியதால், கோப்பின் முதலில் நிற்கும் அடையாளக் குறியையும் அது எழுத்தாக எண்ணிவிட்டது. 'எல்இ'யை நீக்கினேன். சத்தமில்லாமல் முடிந்தது. புதிதாய் ஒரு தரவுத்தளம் உருவாக்கி, எழுத்துமுறை யுடிஎஃப்8எம்பி4 என்று தெளிவாகச் சொல்லி, கோப்பை ஓட்டினோம்.

'குழியடிச்சான்' என்று தேடினேன். விரல் நடுங்கியது.

268ஆம் வரிசை. உப்புத் தரையில ஊன்டுனாலும் எந்திரிச்சி நிக்கும்டி.

பேராசிரியர் அன்று என்னைத் திட்டவில்லை. மாறாக ஒரு வேலை கொடுத்தார். மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை, வெற்றுக் கணிப்பொறி ஒன்றில் பேக்கப்பை நான் ஏற்றிக் காட்ட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்வார். அந்த வரிசையை நான் உரக்கப் படிக்க வேண்டும். இதுவரை நான்கு முறை படித்தாயிற்று. போன மாதம் அவர் சொன்ன எண்ணுக்கு வந்தது காட்டுயானம்.