வரம்பில் நட்ட கம்பு

புரட்டாதி மழையில் மண் இளகிய ஒரு காலைப்பொழுது. மன்னாரில், கட்டுக்கரைக் குளத்தை அண்டிய வயலொன்றின் வரம்பில் மாணவர் சிலருடன் நின்றிருந்தோம். உழவு இயந்திரம் மண்ணைப் புரட்டிச் செல்ல, முன்னர் எருதுகளைத் தொடர்ந்த அதே ஒழுங்கில் மாட்டுக்கொக்குகள் அதன் பின்னே நடந்தன. புல்லில் மறைந்திருக்கும் வெட்டுக்கிளியைத் தேடி அலைவதிலும், கலைந்தெழும் வெட்டுக்கிளியைக் கொத்துவது இலகுவன்றோ? மாட்டோடு நடக்கும் கொக்கு, தனித்து அலையும் கொக்கைவிடக் குறைந்த நடையில் கூடிய இரை பெறுகிறதென ஆய்வாளர் எண்ணிக் கண்டிருக்கின்றனர்.

வரம்பில் நட்டிருந்த கம்பொன்றில் கரிக்குருவி அமர்ந்திருந்தது. திடீரெனப் பாய்ந்து, பறந்த பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே கம்புக்கு மீண்டது. இரையைக் காலால் அழுத்திக் கிழித்துத் தின்றது. அப்பால், பட்ட கிளையொன்றில் பஞ்சுருட்டான் தேனீயொன்றைப் பிடித்து வந்து அடித்துக் கொன்று, அதன் பின்புறத்தைக் கிளையில் தேய்த்து நஞ்சை வெளியேற்றிய பின்னரே விழுங்கிற்று.

"சேர், அப்ப இந்தக் குருவி கூடாததுதானே? தேனீ எங்களுக்கு நல்லது செய்யிறதெல்லோ?" என்றான் ஒரு மாணவன்.

கேள்வி எம்மைச் சுட்டது. 'நன்மை செய்யும் பறவைகள்', 'தீமை செய்யும் பறவைகள்' என்று கரும்பலகையில் இரு நிரல் வரைந்து, ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர்கள் நாமே. பஞ்சுருட்டானை எந்நிரலில் எழுதுவது?

வயற்காரர் குறுக்கிட்டார். "ஐயா இருந்த காலத்திலை நாங்கள்தான் குருவிக்கெண்டு கம்பு நடுறனாங்கள், தம்பி. பிறகு மருந்து வந்துது. கம்பைப் பிடுங்கி எறிஞ்சம். மருந்தடிச்சுக்கொண்டு நிண்ட என்ர தம்பி இந்த வரம்பிலைதான் மயங்கி விழுந்தவன். அதுக்குப் பிறகுதான் திரும்ப நட்டனான்."

நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயரிட்டிருக்கிறோம்! அது புழுவை மட்டுமா கொல்கிறது? புழுவைத் தின்னும் சிலந்தியையும் தும்பியையும் கொல்கிறது. அதைத் தெளிக்கும் கூலித் தொழிலாளியின் மூச்சிலும் கலக்கிறது.

இவ்வேளையில் சீனத்து அனுபவமொன்றை நினைவுகூர்தல் தகும். சமதர்மத்தில் நம்பிக்கை கொண்ட நாம் அதனை மறைத்துப் பேசுதல் அழகன்று. 1958இல் எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றுடன் சிட்டுக்குருவியும் மக்களின் எதிரியென அங்கு அறிவிக்கப்பட்டது. தானியம் தின்கிறது என்பதே குற்றச்சாட்டு. மக்கள் தட்டும் பறையும் முழக்கி, குருவிகளை எங்கும் இறங்கவிடாது துரத்தினர். பறந்து களைத்தவை வீழ்ந்து மடிந்தன. ஆனால் அக்குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிகளையே. குருவிகளின் இரைப்பையை அறுத்து ஆராய்ந்த சீன அறிஞர்களே இவ்வுண்மையை எடுத்துரைத்தனர். 1960இல் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு, மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது. அக்காலப் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல; அரசின் கொள்கைத் தவறுகளே அவற்றுள் முதன்மையானவை. எனினும், குருவியற்ற வயல்களிற் பூச்சி பெருகியமை அத்துயரை மேலும் கூட்டிற்று.

நோக்கம் மக்கள் நலம், அதில் ஐயமில்லை. தவறு எங்கே நேர்ந்தது? அலகில் கண்ட ஒரு தானியமணியைக் கொண்டு, ஆண்டு முழுவதற்கும் தீர்ப்பு எழுதியதிலே நேர்ந்தது. எமது கரும்பலகையின் இரு நிரல்களும் அதே தவற்றின் சிறிய வடிவமன்றி வேறென்ன? கரிக்குருவி வயற்காரரின் கூலியாளுமன்று. பஞ்சுருட்டான் அவரின் பகைவனுமன்று. இரண்டும் தத்தம் பசிக்கு வேட்டையாடுகின்றன. அவ்வேட்டையின் போக்கை அறிந்தவரே வரம்பில் கம்பு நட்டனர். அவர்கள் எம்மிடம் படித்தவர்களல்லர்.

அந்த மாணவனுக்கு நாம் விடை கூறவில்லை. குறிப்பேட்டை அவன் கையிற் கொடுத்து, ஒரு மணி நேரம் அந்தக் கம்பைப் பார்த்திருந்து, குருவி எத்தனை முறை பறந்தது, எதைக் கொண்டுவந்தது என்று எழுதச் சொன்னோம். அருகில் அமர்ந்து நாமும் எண்ணத் தொடங்கினோம்.