நீர்மேல் ஒரு ரப்பர் தவளை

தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த எங்கள் ஊர்க் குளத்தில் தாமரை மண்டிக் கிடக்கும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் இருக்கிறதா என்றே ஐயம் எழும். இலைகளுக்கு இடையில் கையகல வெளிகள். அவற்றில் எப்போதாவது ஒரு குமிழ். “விரால் மூச்சு விடுது” என்பார் என் தந்தையார். செவுள்களோடு, காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பையும் பெற்ற மீன் அது. சற்றைக்கொரு முறை அது நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். எனவே மேலே நடப்பது எதுவும் அதன் கவனத்துக்கு எளிதில் தப்புவதில்லை.

தந்தையார் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து, மூங்கில் கோலால் இலைகளின்மேல் தத்தவிட்டு விரால் பிடித்தவர். அந்தத் தவளை துடிப்பதைக் காணப் பொறாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால்தானோ என்னவோ, பணி ஓய்வு பெறும்வரை நான் தூண்டிலைத் தொட்டதில்லை. ஊர் திரும்பிய ஆண்டில், வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு பெட்டி நிறையப் போலி இரைகளைக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினான். “உயிரோட எதையும் குத்த வேண்டாம்ப்பா. எல்லாம் தண்ணிமேல மிதக்கிற லூர்” என்றான். அந்தச் சொல்லே என்னை வென்றுவிட்டது.

அவற்றுள் ஒன்றின் முகம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பாப்பர் என்று பெயர். கோலை வெட்டி இழுத்தால் தண்ணீரைத் துப்பிக்கொண்டு ‘களக்’ என்று ஒலிக்கும். சுருட்டுப் போன்ற மற்றொன்று தானாக எதுவும் செய்யாது. நரம்பைத் தளரவிட்டு, தாளம் தப்பாமல் கோல் நுனியைத் தட்டினால் இடமும் வலமுமாகத் தலையாட்டி நடந்துவரும். இரண்டும் திறந்த நீருக்கு உரியவை. வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள் தொங்கும் இவற்றை எங்கள் குளத்தில் எறிந்தால் மீனுக்கு முன்பாகத் தாமரைத்தண்டு மாட்டும். முதல் நாள் முழுவதும் நான் பிடித்தது தாமரைதான்.

எங்கள் குளத்துக்கு ஏற்றது ரப்பர் தவளை ஒன்றே. உள்ளே வெற்றிடம், மெத்தென்ற உடல். மேல்நோக்கி வளைந்த இரண்டு முட்கள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். இலைமேல் எறிந்தாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீன் கவ்வும்போதுதான் உடல் நசுங்கி முட்கள் வெளிப்படும். ஆகவே வாங்குகிறவர் முதலில் செய்யவேண்டியது, கடையிலேயே அதை விரலால் நசுக்கிப் பார்ப்பது. விறைப்பாக இருந்தால் வைத்துவிடலாம். முதுகின் வண்ணத்தில் மயங்குவதும் வீண். கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது வயிறும், வானத்தின் பின்னணியில் அதன் நிழலுருவமுமே. மங்கிய பொழுதில் கறுப்பு நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

மரத்தில் தவளை செதுக்கி மீனுக்கு எறியும் எண்ணம் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 1890களிலேயே அதைச் செய்துவிட்டார். நண்பருக்காகக் காத்திருந்தபோது சும்மா செதுக்கிய மரத்துண்டைக் குளத்தில் வீசினாராம். ஒரு பாஸ் மீன் பாய்ந்து அதை மேலே தூக்கி அடித்ததாம். கதையில் எவ்வளவு உண்மையோ! அவர் தொடங்கிய தொழில், மிதக்கும் இரைகளை உலகெங்கும் பரப்பியது மட்டும் உண்மை.

இரை சரியாயிற்று, கோல் சரியாகவில்லை. மகன் முதலில் தந்தது மெல்லிய கோலும் மெல்லிய தங்கூசி நரம்புமே. தங்கூசி ரப்பரைப்போல நீளும். திறந்த நீரில் அது நல்லதே. மீனின் உதறலைத் தாங்கிக்கொள்ளும், மிதக்கும் இரையைக் கீழே இழுக்காது. தாமரைக்குள் அது துரோகம் செய்யும். முதல் விரால் கவ்வியபோது நான் இழுத்த இழுப்பெல்லாம் நரம்பின் நீட்சியிலேயே கரைந்துபோயிற்று. மீன் தண்டுகளுக்குள் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. அறுந்த நரம்பு காற்றில் ஆடியது. அறுந்ததில் எனக்கு நட்டம் ஒரு தவளை. மீனுக்கோ வாயில் இரண்டு முட்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

பிறகுதான் ஏழடி நீளமுள்ள தடித்த கோலும், நாற்பது பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் வந்தன. பிரெய்டு எனப்படும் இந்த நரம்பு நீளாது; தண்டை அறுத்துக்கொண்டு வரும். ரீலின் பிடியை நன்றாக இறுக்கிவிட வேண்டும். மாட்டியதும் மீனின் தலையை மேலே தூக்கி இலைகளின்மீதே இழுத்து வந்துவிடவேண்டும். விளையாட விடுவது இரக்கமன்று. இவற்றைவிடக் கடினமானது, கவ்வும் கணத்தில் கையை அடக்குவது. நீர் வெடித்துச் சிதறும்போது நெஞ்சும் வெடிக்கும். கை தானாக இழுக்கும். தவளை வெறுமனே பறந்து வந்து முகத்தில் அடிக்கும். கண்ணால் கண்டதை நம்பாமல், கோலில் கனம் தெரியும்வரை ஒரு மூச்சுப் பொறுக்கவேண்டும். எனக்கு அது கைவர ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுவதும் ஒரு மீனும் கரையேறவில்லை. மீன்பாசி குத்தகைக்காரர் என்னைக் கண்டாலே சிரிப்பார். “நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க சார்” என்பார்.

மழை தொடங்கிய ஒரு நாள் மாலை, கரையோர ஆழமற்ற நீரில், ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் தூறல் விழுவதுபோலச் சிலிர்ப்பதைக் கண்டேன். மழையோ ஓய்ந்திருந்தது. உற்று நோக்கினேன். செந்நிறக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரே பந்தாக மேலே வந்து மூச்செடுத்து இறங்கின. அடியில் எங்கோ அவற்றின் காவல். குஞ்சுகள் பிரிந்து செல்லும்வரை சில வாரங்கள் தாயும் தந்தையும் அருகிலேயே இருக்கும். பெரும்பாலும் தந்தையே விழித்திருந்து காக்கும். இத்தகைய தூறலைக் கண்டால் என் தந்தையார், “குஞ்சுக்குக் காவல் நிக்கு. கோல எடுலே, போவோம்” என்பார்.

அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எறிந்தேன்.

தவளை குஞ்சுகளின் நடுவே விழுந்தது. ஒரு முறைகூட அசைக்கவில்லை. அவ்வளவு சீற்றத்தோடு ஒரு மீன் பாய்ந்ததை நான் கண்டதில்லை. பசியில் கவ்வும் விரால் தயங்கும், சில வேளை தவறவிடும், இது தயங்கவில்லை. ஒரு மூச்சுப் பொறுத்தேன், இழுத்தேன், எல்லாம் சரியாகவே நடந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். மகனுக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்று கைப்பேசியைத் தேடியபோது, என் பார்வை நீருக்குத் திரும்பியது. அந்தத் தூறல் வட்டம் சிதறிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு நீர்க்காகம் கழுத்தை நீட்டியது.

படம் எடுக்கவில்லை. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தேன். இரண்டு முட்களும் மேல்தாடையில் ஆழமாக ஏறியிருந்தன. குறட்டால் கழற்ற நெடுநேரம் ஆயிற்று, குருதி கசிந்தது. காற்றைச் சுவாசிக்கும் மீன் ஆதலால் அது தாங்கிற்று. பிடித்த இடத்திலேயே விட்டேன். ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு சேற்றைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது. எப்பக்கம் சென்றதெனத் தெரியவில்லை.

மறுநாள் விடியலில் போனேன். தூறல் இருந்தது, வட்டம் சிறுத்திருந்தது. அடியில் காவல் இருந்ததா என்பது தெரியவில்லை. கலங்கிய நீரில் ஒன்றும் புலப்படவில்லை. கரையில் அமர்ந்து நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். அறிந்துகொள்ள என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி, கம்பி வெட்டும் குறட்டை எடுத்து, தவளையின் இரண்டு முட்களையும் வளைவோடு நறுக்கிவிட்டேன். எஞ்சியது வெறும் பொம்மை.

அதை மெதுவாக, குஞ்சுகளுக்கு ஒரு முழம் அப்பால் விழுமாறு எறிந்தேன். நரம்பைத் தளரவிட்டுக் காத்திருந்தேன்.

நீர் வெடித்தது. கோல் ஒரு கணம் கனத்து, உடனே இலேசாயிற்று. அது நேற்றைய மீன்தானா, அதன் துணையா என்று என்னால் சொல்ல முடியாது. தவளையைச் சுருட்டி எடுத்துப் பார்த்தேன். வயிற்றில் புதிதாக இரண்டு பல் கிழிசல்கள். அவற்றின் வழியே நீர் சொட்டிக்கொண்டிருந்தது.